கட்டில், அடுப்பு, அலுமாரி: கெப் வண்டியின் முதுகில் வீடு கட்டின வரலாறு

அமெரிக்காவில் ஒரு சாமான் விற்பனைக்கு இருக்கிறது. நாங்கள் கெப் எண்டு சொல்லுற பிக்கப் வண்டியின் பின்பெட்டியில் இறக்கிப் பூட்டுகிற ஒரு பெரிய பெட்டி. அலுமினியச் சட்டம், வெளியே தகடு, மேலே தூக்கி இறக்கக்கூடிய கூரை. கூரையைத் தூக்கினால் சுவருக்கும் கூரைக்கும் இடையில் கூடாரத்துணி விரியும், ஆறடி ஆள் நிமிர்ந்து நிற்கலாம். இறக்கினால் துணி மடிஞ்சு உள்ளே போகும், வண்டி ஓடும். ஆனால் உள்ளே ஒண்டும் இல்லை. படுக்கிறதுக்கு ஒரு தட்டு இருக்கலாம், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதை ஷெல் எண்டு சொல்லுவினம். அந்தச் சொல் எங்கட ஊரில் வேறொண்டைக் குறிக்கும் எண்டதால் இந்தக் கட்டுரையில் கோது எண்டே எழுதுறன். முட்டைக்கோது மாதிரி, வெளிப்பக்கம் மட்டும்.

இந்தக் கோதை வாங்கிறவர் உள்ளுக்குத் தேவையானதைத் தானே செய்துகொள்ள வேணும். பலகை வெட்டி அலுமாரி அடிக்க வேணும், அடுப்புப் பொருத்த வேணும், தண்ணித் தாங்கிக்கு இடம் பார்க்க வேணும், பற்றரிக்கு வயர் இழுக்க வேணும். இதை எப்படிச் செய்யிறது எண்டு ஆயிரக்கணக்கான வீடியோக்கள் இருக்கு. பார்த்தால் இது ஒரு தச்சு வேலை, விடுமுறைக்காரரின் பொழுதுபோக்கு எண்டுதான் தோன்றும்.

ஆனால் வண்டிக்குள் கட்டில், அடுப்பு, அலுமாரி எண்ட மூண்டையும் பொருத்துகிற வேலைக்கு நூற்றைம்பது வருசத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைப் பிடிச்சுக்கொண்டு போனால் ஒரு விசயம் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த மூண்டு சாமானும் உள்ளே இருக்கிற வண்டியைச் சட்டம் சில நேரம் சுமை எண்டு சொன்னது, சில நேரம் வரிவிலக்குள்ள வாகனம் எண்டது, சில நேரம் குற்றம் எண்டது. பலகையும் ஆணியும் ஒண்டுதான். உள்ளே படுத்திருந்த ஆள்தான் வேறை.

கோதுக்குள் கணக்குப் பார்த்தல்

முதலில் வேலையைப் பற்றிக் கதைப்பம். ஏனெண்டால் வரலாற்றில் வந்த ஒவ்வொரு வண்டியும் இதே கணக்கைத்தான் போட்டுப் பார்த்தது.

முதல் கணக்கு உயரம். உயரமான பெட்டியைக் கெப்பின் முதுகில் ஏற்றினால் காற்று பிடிச்சுத் தள்ளும், எரிபொருள் குடிக்கும், வளைவில் வண்டி சாயப் பார்க்கும். காட்டுப் பாதையில் மரக்கிளை கூரையைக் கிழிக்கும். தூக்கி இறக்கும் கூரை இதுக்கான விடை. ஆனால் அந்த விடைக்கு ஒரு விலை இருக்கிறது: மேல்சுவர் துணியாய் இருக்கிறதால் அதில் அலுமாரி தொங்கவிட ஏலாது. சாமான் எல்லாம் இடுப்புக்குக் கீழேதான் போக வேணும். மேசையின் மேலே ஒரு கேத்திலை மறந்து வைச்சிட்டுக் கூரையை இறக்கினால் கூரை மூடாது. அதனால் உள்ளே கட்டுகிற ஒவ்வொரு பெட்டியின் உயரமும் கூரை இறங்கின பிறகு மிஞ்சுகிற இடத்தை வைச்சே தீர்மானமாகிறது.

இரண்டாவது பாரம். 18 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒட்டுப்பலகை முழுத்தாள் ஒண்டு கிட்டத்தட்ட 30 கிலோ வரும். தண்ணி ஒரு லீற்றர் ஒரு கிலோ. எழுபது லீற்றர் தாங்கி எண்டால் ஒரு ஆளை நிரந்தரமாய் ஏற்றி வைச்ச மாதிரி. அதனால் அனுபவமுள்ளவர்கள் மெல்லிய பலகையை எடுத்து, ஆணியை மட்டும் நம்பாமல் பசையும் போட்டு மூட்டுவார்கள். ஓடுகிற வண்டி எண்டது ஒரு நாளும் நிக்காத சின்னப் பூமியதிர்ச்சி. வீட்டில் இருபது வருசம் நிக்கிற மேசை இதுக்குள் ஒரு பயணத்தில் ஆட்டம் காணும். லாச்சிகளுக்குக் கொழுக்கி இல்லையெண்டால் முதல் வளைவிலேயே கரண்டி எல்லாம் தரையில்.

மூண்டாவது ஈரமும் காற்றும். மூடின பெட்டிக்குள் இரண்டு பேர் படுத்தால் அவையளின் மூச்சே விடியக்குள்ளே யன்னலிலும் துணியிலும் தண்ணியாய் வடியும். பலகை ஊறும், மெத்தையின் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். காஸ் அடுப்பெண்டால் இன்னும் கவனம் வேணும். அமெரிக்கக் கம்பர்களில் பாவிக்கிற புரொப்பேன் காற்றை விடப் பாரமானது, கசிஞ்சால் கீழே போய்த் தேங்கும். அதனால் சிலிண்டர் வைக்கிற பெட்டிக்கு அடியில் வெளியே போகிற துவாரம் இருக்க வேணும். காற்றோட்டம் இல்லாமல் அடுப்பை எரிச்சால் காபன் மொனொக்சைட் சத்தமில்லாமல் ஆளைக் கொல்லும்.

உயரம், பாரம், ஈரம், நெருப்பு. இனி இந்தக் கணக்கை முதலில் போட்டவர்கள் யார் எண்டு பார்ப்பம்.

மாட்டுமந்தைக்குப் பின்னால் ஒரு குசினி

1866 இல் சார்ள்ஸ் குட்நைட் எண்ட டெக்சாஸ் மாட்டுப்பண்ணைக்காரர் மந்தையை நீண்ட தூரம் ஓட்டிக்கொண்டு போகத் திட்டமிட்டார். மாதக்கணக்கான பயணம். மந்தை ஓட்டுகிற கூலியாட்களுக்குச் சாப்பாடு வேணும். அவர் உள்நாட்டுப் போர் முடிஞ்சு இராணுவம் கழிச்சுவிட்ட ஸ்டூடபேக்கர் வண்டியொண்டை வாங்கினார். அதன் பின்பக்கத்தில் ஒரு மரப்பெட்டி பொருத்தினார். உள்ளே மா, கோப்பி, அவரை, மருந்து எண்டு ஒவ்வொண்டுக்கும் தனித்தனி அறை, லாச்சி. பெட்டியின் மூடி கீழ்நோக்கித் திறக்கும். திறந்து ஒரு காலை முட்டுக் கொடுத்தால் அதுவே சமையல் மேசை. பக்கத்தில் தண்ணிப் பீப்பாய். அடியில் ஒரு மாட்டுத்தோல் தொட்டில் மாதிரித் தொங்கும், வழியில் பொறுக்குகிற விறகும் காய்ஞ்ச சாணமும் அதுக்குள் போகும்.

இதை ஆங்கிலத்தில் சக் வாகன் எண்டார்கள். இண்டைக்கு பிக்கப்பின் பின்கதவைத் திறந்து அதில் அடுப்பும் லாச்சியும் வெளியே இழுக்கிற மாதிரிக் கட்டுகிற எல்லாரும் குட்நைட்டின் பெட்டியைத்தான் மறுபடி கட்டுகினம். கவனிக்க வேண்டியது என்னெண்டால், இது சுற்றுலாவுக்காகப் பிறந்தது இல்லை. வேலைக்காகப் பிறந்தது. அந்தப் பயணங்களில் போன கூலியாட்களில் கறுப்பினத்தவரும் மெக்சிக்கோக்காரரும் கணிசமாய் இருந்தார்கள் எண்டதையும் கௌபோய்ப் படங்கள் எங்களுக்குக் காட்டினது குறைவு.

மருத்துவரின் மஹோகனி வண்டி

அத்திலாந்திக்கின் மறுகரையில், பிரித்தானியாவில், வண்டிக்குள் வீடு எண்டது ரோமா மக்களின் விசயமாய் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருந்து அவர்கள் குதிரை இழுக்கும் மரவண்டிகளில் வாழத் தொடங்கினார்கள். பின்சுவரோடு குறுக்காய்க் கட்டில், கதவுக்குக் கிட்ட இரும்பு அடுப்பு, புகைபோக்கி, சுவரோடு ஒட்டின அலுமாரி. அந்த ஒழுங்கு இண்டைக்கும் அனேகமான கம்பர்களில் அப்படியே இருக்கிறது.

1885 இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் எண்ட ஸ்கொட்லாந்து மருத்துவர், முன்னாள் கடற்படை ஆள், எழுத்தாளர், பிரிஸ்டல் வண்டிக் கொம்பனி ஒண்டிடம் சொல்லி 'த வொண்டரர்' எண்ட வண்டியைச் செய்விச்சார். மஹோகனி மரம், இரண்டு தொன் அளவு பாரம், இரண்டு குதிரை. உள்ளே புத்தக அலுமாரியும் இருந்தது. பொழுதுபோக்குக்காகவே கட்டின முதல் கரவன் எண்டு இதைச் சொல்லுவார்கள். இவரைப் போன்ற வசதியானவர்களைக் கனவான் ஜிப்சிகள் எண்டு கூப்பிட்டார்கள். 1907 இல் கரவன் கழகம் உருவானது.

ஒரே மாதிரிக் கட்டில், ஒரே மாதிரி அடுப்பு. மருத்துவர் போய் நிண்டால் ஊர்ச்சனம் வேடிக்கை பார்க்க வந்தது. ரோமா குடும்பம் போய் நிண்டால் பொலிஸ் வந்தது. இது பழைய கதை இல்லை. அனுமதியில்லாத நிலத்தில் வாகனத்தோடு தங்குவதைக் குறிச்சு இங்கிலாந்தில் 2022 இல் வந்த பொலிஸ், குற்றம், தண்டனை மற்றும் நீதிமன்றச் சட்டத்தின் நாலாம் பகுதி, சில நிலைமைகளில் அதைக் குற்றமாக்கி வாகனத்தையே பறிமுதல் செய்ய இடம் கொடுக்கிறது. வாகனம்தான் வீடு எண்டால், பறிமுதலாகிறது வீடு.

281 டொலர் வண்டியும் படங்கும்

மீண்டும் அமெரிக்கா. 1925 இல் ஹென்றி போர்ட்டின் கொம்பனி தன்னுடைய மொடல் ரீ காரைப் பின்பெட்டியோடு தொழிற்சாலையிலேயே பூட்டி விற்கத் தொடங்கியது. விலை 281 டொலர். அதுக்கு முதல் கமக்காரர்கள் காரின் பின்பக்கத்தை வெட்டித் தாங்களே பெட்டி அடிச்சுக்கொண்டார்கள். பிக்கப் எண்ட சாமானே முதலில் ஊர்த் தச்சனின் கைவேலை, பிறகுதான் கொம்பனியின் உற்பத்தி.

ஐந்து வருசத்துக்குள் பொருளாதாரப் பெருமந்தம். அதோடு நடு அமெரிக்காவில் வறட்சியும் புழுதிப் புயலும். ஒக்லஹோமா, டெக்சாஸ், ஆர்கன்சா பக்கமிருந்து இலட்சக்கணக்கான சனம் நிலத்தை இழந்து வெளியேறியது. பழைய கார்களை வெட்டி லொறியாக்கி, மெத்தை, அடுப்பு, சட்டி பானை ஏற்றி, மேலே படங்கைக் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் போனார்கள். படங்கு எண்டால் என்ன எண்டு எங்களுக்கு ஆரும் விளக்கத் தேவையில்லை.

இரவில் வீதியோரம், வாய்க்கால் கரை. வண்டியில் இருந்து படங்கை இழுத்து இரண்டு தடியில் கட்டினால் அதுதான் வீடு. அரச புகைப்படக்காரர் டொரொதியா லாங் எடுத்த படங்களில் இந்த வண்டிகளைப் பார்க்கலாம். உள்ளே என்ன எங்கே இருக்க வேணும் எண்ட கணக்கை அவர்கள் வடிவாய்த் தெரிஞ்சுதான் கட்டியிருந்தார்கள்: பாரம் அடியில், அடுப்பு கைக்கெட்டுகிற இடத்தில், மெத்தை எல்லாத்துக்கும் மேலே, பிள்ளைகள் மெத்தையில்.

கலிபோர்னியா என்ன செய்தது? 1936 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ் 136 பொலிஸ்காரரை மாநில எல்லைகளுக்கு அனுப்பி, காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார். நகரப் பொலிசுக்கு மாநில எல்லையில் என்ன வேலை எண்டு அப்பவே கேள்வி எழுந்தது. அதுக்குப் பிறகு 1939 கடைசியில், கலிபோர்னியாவின் மேரிஸ்விலில் இருந்த ஒருவர் டெக்சாசுக்குப் போய், வேலையில்லாத தன் மனைவியின் சகோதரனைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஏழையை மாநிலத்துக்குள் கொண்டுவந்த குற்றத்துக்காக அவருக்குத் தண்டனை கிடைச்சது. 1941 இல் உச்ச நீதிமன்றம் எட்வேர்ட்ஸ் எதிர் கலிபோர்னியா வழக்கில் அந்தச் சட்டத்தைச் செல்லாது எண்டு தீர்ப்பளித்தது. ஏழை எண்ட காரணத்துக்காக ஒரு ஆளை எல்லையில் தடுக்க ஏலாது.

இதே காலத்தில் கறுப்பின மக்கள் நீண்ட பயணம் போனால் அனேகமான விடுதிகளில் இடமில்லை. அதனால் பலர் காருக்குள்ளேயே நித்திரை கொள்ள வேண்டியிருந்தது. எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் எண்டு சொல்லுகிற 'கிறீன் புக்' எண்ட வழிகாட்டி 1936 இல் வரத் தொடங்கினது சும்மா இல்லை. காரில் படுப்பது சிலருக்கு சாகசம், சிலருக்கு வேறு வழியில்லாத பாதுகாப்பு.

ஸ்டைன்பெக்கின் இரண்டு வண்டிகள்

இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே ஆளின் வாழ்க்கையில் பார்க்கலாம்.

1936 இல் எழுத்தாளர் ஜோன் ஸ்டைன்பெக் ஒரு சான் பிரான்சிஸ்கோ பத்திரிகைக்காக இடம்பெயர்ந்த கமத்தொழிலாளரைப் பற்றி ஏழு கட்டுரைகள் எழுதினார். அந்த முகாம்களுக்கு அவர் போனது ஒரு பழைய பேக்கரி வண்டியில். பாண் விற்ற வண்டி. பளபளப்பான காரில் போனால் அந்தச் சனம் வாய் திறக்காது எண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்க வேணும். அந்த அனுபவத்தில் இருந்து 1939 இல் 'த கிறேப்ஸ் ஒப் றாத்' நாவல் வந்தது. அதில் ஜோட் குடும்பம் ஒரு பழைய ஹட்சன் காரை வெட்டி லொறியாக்குகிற இடம் இருக்கிறது. வீட்டில் இருந்து எதை எடுக்கிறது, எதை விடுகிறது எண்ட கணக்குத்தான் அந்த நாவலின் முன்பகுதியில் வருகிற பெரிய வலி.

1960 இல் அதே ஸ்டைன்பெக், இப்ப பணமும் புகழும் உள்ள மனுசன், அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வெளிக்கிட்டார். புதிய ஜிஎம்சி பிக்கப். அதன் முதுகில் மிச்சிகன் மாநிலத்து வோல்வரின் கொம்பனி செய்த கம்பர் பெட்டி. உள்ளே இரட்டைக் கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, சூடாக்கி, அலுமாரி. டொன் கிஹோட்டேயின் குதிரையின் பெயரை வண்டிக்கு வைச்சார்: றொசினாந்தே. கூட வந்தது சார்லி எண்ட நாய். 1962 இல் 'ட்ரவல்ஸ் வித் சார்லி' எண்ட புத்தகம் வந்தது. வண்டி இண்டைக்கும் கலிபோர்னியாவின் சலினாசில், அவருடைய பெயரிலுள்ள நிலையத்தில் காட்சிக்கு நிக்குது.

ஜோட் குடும்பத்தின் ஹட்சனுக்கும் றொசினாந்தேக்கும் உள்ளே என்ன வித்தியாசம்? கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு, சாமான் வைக்க இடம் இருக்கு. குளிர்சாதனப் பெட்டி கூட. பெரிய வித்தியாசம் வண்டிக்கு வெளியே இருக்கிறது. ஸ்டைன்பெக்குக்கு நியூயோர்க்கில் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது.

கூரை எழும்பின காலம்

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்கத் தொழிலாளர் கையில் கொஞ்சம் காசும் சம்பளத்தோடு லீவும் வந்தது. ஒட்டுப்பலகையும் அலுமினியமும் மலிஞ்சது. கிழமை நாளில் வேலைக்குப் போகிற பிக்கப்பிலேயே சனிக்கிழமை ஒரு பெட்டியை ஏற்றினால் குடும்பத்தோடு போகலாம். திங்கட்கிழமை பெட்டியை இறக்கி வைச்சிட்டு வேலைக்குப் போகலாம். தனி வாகனம் தேவையில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இந்தப் பெட்டி சட்டப்படி வாகனமே இல்லை, வண்டியில் ஏற்றின சுமை. அரிசி மூட்டை மாதிரி.

1950களில் டொன் ஹோல் எண்டவர் அலாஸ்கா நெடுஞ்சாலையை மனதில் வைச்சு, கூரையும் மேல்சுவரும் சேர்ந்து நீரழுத்தத்தால் எழும்பி இறங்குகிற அலாஸ்கன் கம்பரை உருவாக்கினார். அதில் சுவர் முழுக்கக் கடினமானது. மேற்பாதி கீழ்ப்பாதியின் மேலே தொப்பி மாதிரி இறங்கும்.

ஐரோப்பாவில் வேறு வழி. 1950 இல் வொக்ஸ்வாகன் வான் உற்பத்தி தொடங்க, அடுத்த வருசமே ஜேர்மனியின் வெஸ்ட்பாலியா கொம்பனி அதுக்கு ஒரு கம்பிங் பெட்டி செய்தது. கழற்றிப் பூட்டக்கூடிய அலுமாரி, அதுவே கட்டிலாய் விரியும். கிழமை நாளில் வான் சாமான் ஏற்றும், லீவு நாளில் வீடாகும். இங்கிலாந்தின் போல்க்ஸ்டனில் மார்ட்டின் வோல்ட்டர் கொம்பனி 1952 இல் பெட்போர்ட் வானை வைச்சு டோர்மொபில் எண்ட வண்டியைச் செய்யத் தொடங்கியது. அதில் கூரை ஒரு பக்கமாய்த் திறந்து கோடுபோட்ட துணியோடு எழும்பும். அந்தப் பெயர் அங்கே கம்பர் வானுக்கே பொதுப்பெயராய்ப் போச்சு.

1972 இல் அமெரிக்காவில் போர் வீல் கம்பர்ஸ் கொம்பனி தொடங்கியது. கரடுமுரடான பாதையில் போகிற பிக்கப்புகளுக்காகப் பாரம் குறைஞ்ச அலுமினியச் சட்டமும், துணிச்சுவரோடு எழும்புகிற கூரையும். பிறகு இவர்களும் இவர்களைப் போன்ற மற்றவர்களும் உள்ளே ஒண்டும் இல்லாத வெறுங்கோதையும் விற்கத் தொடங்கினார்கள். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன சாமான் இதுதான். வரலாறு ஒரு வட்டம் அடிச்ச மாதிரி: ஊர்த் தச்சன் கட்டினதைக் கொம்பனி வாங்கி விற்றது, கொம்பனி இப்ப வெறுங்கோதை விற்று, தச்சு வேலையைத் திருப்பிச் சனத்திட்டயே குடுக்குது.

சட்டப் புத்தகத்துக்குள் ஒரு அலுமாரி

இனிச் சட்டத்துக்கு வருவம். பிரித்தானியாவில் போருக்குப் பிந்திய காலத்தில் புதுக் கார் வாங்கினால் கொள்வனவு வரி கட்ட வேணும். மோட்டார் கரவனுக்கு அந்த வரி இல்லை. ஆகவே வானுக்குள் கட்டிலும் அடுப்பும் அலுமாரியும் இருந்தால் காசு மிச்சம். இப்பவும் ஐரோப்பியச் சட்டத்தில் மோட்டார் கரவன் எண்டதுக்கு ஒரு வரைவிலக்கணம் இருக்கிறது: இருக்கையும் மேசையும், படுக்க வசதி, சமைக்க வசதி, பொருள் வைக்க வசதி. இவை வாகனத்தோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்க வேணும், மேசை மட்டும் கழற்றக்கூடியதாய் இருக்கலாம். அதாவது உங்களுடைய ஆணி எவ்வளவு உறுதியாய் இறங்கியிருக்கு எண்டதில் சட்டத்துக்கு அக்கறை இருக்கிறது.

இதே பட்டியலை வேறொரு சட்டத்தில் பாருங்கோ. 1983 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம், தெருவில் நிறுத்தின வாகனத்தை வசிப்பிடமாய்ப் பாவிக்கிறதைத் தடை செய்தது. 2010 இல் வெனிஸ் கடற்கரைப் பக்கம் வாகனங்களில் வாழ்ந்தவர்களைப் பொலிஸ் இந்தச் சட்டத்தில் பிடிக்கத் தொடங்கியது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2014 இல் சட்டம் செல்லாது எண்டு தீர்ப்பானது. காரணம் இந்தக் கட்டுரைக்கு மிக நெருக்கமானது. வாகனத்துக்குள் என்ன இருந்தால் அது வசிப்பிடம் எண்டு சட்டம் தெளிவாய்ச் சொல்லவில்லை. சாப்பாடா, போர்வையா, உடுப்பா? அந்தச் சொற்களை அப்படியே எடுத்தால் காருக்குள் சாப்பிடுகிற எவரையும், லீவுக்குக் கம்பரில் வருகிற எவரையும் பிடிக்கலாம். ஆனால் பிடிபட்டது வீடில்லாதவர்கள் மட்டும்தான்.

பத்து வருசம் கழிச்சு நிலைமை மாறியது. ஒரேகன் மாநிலத்தின் கிறாண்ட்ஸ் பாஸ் எண்ட சின்ன நகரத்தின் சட்டம், படுக்கைச் சாமானோ அடுப்போ நெருப்போ வைச்சு தற்காலிகமாய் வாழுகிற எந்த இடத்தையும் முகாம் எண்டு வரையறுத்திருந்தது. கூடாரமா, குடிலா, வாகனமா எண்டது முக்கியமில்லை. பொது இடத்தில் அதுக்கு அப்போது தண்டப்பணம் 295 டொலராய் இருந்தது, கட்டாவிட்டால் 537 டொலருக்கு மேல் ஏறியது. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் தன்னுடைய வானுக்குள் நித்திரை கொண்ட பெண். 2024 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூண்டு எண்ட கணக்கில் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

கட்டிலும் அடுப்பும் ஒரு சட்டத்தில் வரிவிலக்குக்கான சான்று. இன்னொரு சட்டத்தில் குற்றத்துக்கான சான்று.

வீடியோவில் வராத பொருத்து

2011 இல் பொஸ்டர் ஹண்டிங்டன் எண்ட இளைஞர் நியூயோர்க் வேலையை விட்டிட்டு வானில் வாழப் போய், அதுக்கு வான்லைப் எண்டு ஒரு ஹாஷ்டேக் போட்டார். அழகான படங்கள் உலகம் முழுக்கப் பரவின. அதே 2011 இல் அரிசோனாவின் குவார்ட்சைட்டில், வாகனங்களில் வாழுகிற வறியவர்களின் வருடாந்த ஒன்றுகூடலை பொப் வெல்ஸ் எண்டவர் தொடங்கினார். 2008 நெருக்கடியில் வீட்டையும் ஓய்வூதியச் சேமிப்பையும் இழந்து, பருவகால வேலை தேடி மாநிலம் மாநிலமாய் ஓடுகிற முதியவர்கள் அங்கே வந்தார்கள். அவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017 இல் எழுதின புத்தகம் 'நோமட்லாண்ட்'. அதை வைச்சு குளோயி ஜாவ் எடுத்த படம் 2021 இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் வாங்கினது உங்களில் பலருக்குத் தெரியும். அதே 2021 இல் பெருந்தொற்றுக்குப் பயந்து தனியாய்ப் பயணம் போக விரும்பின சனத்தால் அமெரிக்காவில் ஆறு இலட்சத்துக்கும் அதிகமான பொழுதுபோக்கு வாகனங்கள் தொழிற்சாலையை விட்டு வெளியேறின. அதுவரைக்கும் அப்படி ஒரு எண்ணிக்கை வந்ததில்லை.

இந்த இரண்டு கூட்டமும் ஒரே கடையில் ஒட்டுப்பலகை வாங்குது. ஒரே வீடியோவைப் பார்த்து ஒரே மாதிரி லாச்சி அடிக்குது. மேற்கு மாநிலங்களில் அரச நிலத்தில் பொதுவாய் 14 நாள் இலவசமாய்த் தங்கலாம், பிறகு இடம் மாற வேணும். லீவுக்காரருக்கு 14 நாள் தாராளம். வேறு வீடில்லாதவருக்கு அது 14 நாளுக்கொருக்கா வருகிற வெளியேற்ற அறிவித்தல்.

கோதுக்குள் எல்லாத்தையும் பொருத்தலாம். தச்சரால் பொருத்த ஏலாத ஒரேயொரு சாமான் விலாசம். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விலாசம் வேணும். வங்கிக்கணக்கு, வாக்கு, மருத்துவக் காப்புறுதி, எல்லாத்துக்கும் வேணும். தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஒரு இரவு தங்கின பற்றுச்சீட்டையும் தபால் பெட்டி முகவரியையும் காட்டி அனுமதிப்பத்திரம் எடுக்கிற வழி நீண்டகாலமாய் இருக்கிறது. அதனால் அந்த மாநிலத்தில் வாழாத ஆயிரக்கணக்கானோர் பத்திரத்தில் அந்த மாநிலத்தவர். றோட்டில் வாழுகிறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குடுக்கிற முதல் விசயங்களில் இதுவும் ஒண்டு.

இனி ஒரு கெப்பின் முதுகில் அழகாய்க் கட்டின ஒரு குட்டி வீட்டின் வீடியோ உங்கட திரையில் வந்தால் தச்சு வேலையை ரசியுங்கோ. ரசிக்க நிறைய இருக்கிறது. மூலைக்கு மூலை கணக்குப் பார்த்த வேலை அது, குட்நைட்டில் இருந்து ஒக்லஹோமாக் கமக்காரர் வரைக்கும் பலர் பழகின கணக்கு. ரசிச்சு முடிய ஒரு கேள்வியையும் கேளுங்கோ: இந்த ஆளின் கடிதங்கள் எந்த விலாசத்துக்குப் போகுது?